அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு அந்தப் பக்கம்

சென்ற வருடம் நோன்பு மாதத்தில் ஒரு நாள். தராவீஹ் தொழுகை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய சற்று நேரத்தில் உம்மம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா ஓட்டோவைக் கொண்டுவந்தார். உம்மா, நான், சின்ன மாமா, பக்கத்து வீட்டுச் சாச்சி, அவருடைய மகன், பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் என்று ஒன்பது பேர் வைத்தியசாலையில் போய் இறங்கினோம்.

உம்மம்மாவை உடனேதான் உள்ளே எடுத்தார்கள். ஒரு தாதி சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனார். ஈசிஜி எடுத்தார்கள். ஒரு மாத்திரையைச் சப்பி விழுங்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் வந்து ஈசிஜித் தாளைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், போய்விட்டார். அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் ஒருவரும் கட்டிலுக்கு அருகில் வரவில்லை. எங்களுக்கு அது முக்கால் நாள் போல இருந்தது.

மாமா பொறுமை இழந்தார். "இங்க மனுசர் சாகக் கிடக்காங்க, நீங்க எழுதிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கத்தியபடி மேசையில் ஓங்கி அடித்தார். பதிவுப் புத்தகமும் மாத்திரைத் தட்டும் கீழே விழுந்தன. அந்தத் தாதிக்கு என் ராத்தாவின் வயதுதான் இருக்கும். இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். ஒன்றும் பேசவில்லை. பாதுகாப்பு உத்தியோகத்தர் ஓடிவந்தார். சின்ன மாமா அவரை இழுத்து வெளியே கொண்டுபோனார்.

மாமா கெட்டவரல்ல. ஊரில் யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் ஓட்டோவை எடுப்பவர் அவர்தான். அன்றிரவு அவர் செய்தது சரி என்றுதான் எங்கள் வீட்டில் பலரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது ராத்தா வேறு மாவட்டத்தில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தார். உம்மா தொலைபேசியில் அழுதபடி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஈசிஜி எடுத்தாங்களா? அஸ்பிரின் குடுத்தாங்களா? அப்ப செய்ய வேண்டியதச் செஞ்சிட்டாங்க உம்மா. இனி ரெண்டாந்தரம் ரத்தம் எடுக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கோணும்." இன்று ராத்தா ஓர் ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறார். அவர் லீவில் வரும்போதெல்லாம் நான் கேட்டறிந்தவற்றையும், அதன் பிறகு தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அந்த முக்கால் மணித்தியாலம். நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டல். பெரிய மாரடைப்பு என்றால் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத் தசை சேதமடைந்தால் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். அது அளக்கக்கூடிய அளவுக்கு ஏறச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவே ஒருமுறை இரத்தம் எடுத்து, சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இடையில் நோயாளி கண்காணிப்பில் இருப்பார். அவரைச் சுற்றி ஓட்டமும் பரபரப்பும் இருக்காது. உறவினருக்கு அது "ஒன்றும் செய்யாமல் இருப்பது" போலத் தெரிகிறது. உண்மையில் அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி.

பாம்புக்கடியிலும் இதுதான். கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிடுவார்கள். உறைந்தால் ஒரு கதை, உறையாவிட்டால் வேறு கதை. விஷ முறிவு மருந்தைக் கொண்டுவந்து உடனே ஏற்ற வேண்டியதுதானே என்று உறவினர் கேட்பர். அந்த மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படுவது எமது நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. தேவையில்லாதவருக்கு ஏற்றினால் மருந்தே ஆபத்தாகிவிடும். தேவையானவருக்கு ஏற்றும்போது வைத்தியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவர் அங்கே நிற்கும் நேரத்தில் அடுத்த கட்டில்காரர், "டொக்டர் எங்க போயிட்டார்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

டெங்கு காலத்தில் நடப்பது இதற்கு மறுதலை. "சேலைன் ஏன் போடவில்லை?" என்பதுதான் சண்டை. டெங்கில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது தேவைக்கு அதிகமாக ஏற்றும் சேலைன் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சையே அடைத்துவிடும். அதனால் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று கணக்குப் பார்த்தே கொடுக்கிறார்கள். ராத்தா சொல்வார்: "சேலைன் போத்தல் தொங்கினாத்தான் எங்கட சனத்துக்கு மருந்து குடுத்த மாதிரி."

யார் முதலில், யார் பிறகு என்பதைத் தீர்மானிக்கும் முறை நெப்போலியனின் போர்க்களத்திலிருந்து வந்ததாகச் சொல்வர். அவருடைய படையின் தலைமைச் சத்திரசிகிச்சை வைத்தியர் டொமினிக் ஜீன் லாரே, காயமடைந்தவரின் பதவியையோ நாட்டையோ பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார். தளபதியானாலும் சிறு காயமென்றால் காத்திருக்க வேண்டியதுதான். பிரெஞ்சு மொழியில் தரம் பிரித்தலுக்கு உள்ள 'ட்ரியாஜ்' என்ற சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1994இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து இதற்கு ஐந்து நிறங்களை வகுத்தன. சிவப்பு என்றால் உடனடியாக, செம்மஞ்சள் என்றால் 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடங்கள். நிறங்களும் எண்ணிக்கையும் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை மாறாது.

தபாற்கந்தோரிலும் வங்கியிலும் முதலில் வந்தவர் முதலில் போவார். நாம் பழகிய நியாயம் அது. அவசர சிகிச்சைப் பிரிவில் நமக்குப் பின்னால் வந்தவர் நமக்கு முன்னால் உள்ளே போகிறார். அவர் ஏன் போகிறார் என்று நமக்குச் சொல்வார் யாருமில்லை. நமது பிள்ளையின் உடைந்த கை நமக்குத் தெரிகிறது. ஓட்டோவில் இருந்து தானே இறங்கி நடந்துபோன பெண் கைநிறைய மாத்திரை விழுங்கியிருப்பது நமக்குத் தெரியாது. அவளுடைய இரகசியத்தைத் தாதி நமக்குச் சொல்லவும் கூடாது. ஆகவே தாதி வாயை மூடிக்கொண்டு ஏச்சு வாங்குகிறார்.

ஏச்சோடு முடிவதில்லை. சுகாதார ஊழியர்களில் 8 முதல் 38 சதவீதமானோர் தமது தொழில் வாழ்க்கையில் ஒரு முறையேனும் உடல் ரீதியான தாக்குதலுக்கு உள்ளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏச்சு, மிரட்டல் என்பன இதற்கு மேலதிகம். நோயாளிக்கு மிக அருகில் நிற்பவர்களுக்கே ஆபத்து அதிகம். அதாவது தாதியர், அவசர சிகிச்சைப் பிரிவினர், அம்புலன்ஸில் வருபவர்கள். நமது நாட்டில் 2016இல் தொடங்கி 2018 முதல் தீவெங்கும் விரிவடைந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை நாம் எல்லோரும் அறிவோம். இலவசமாக வீட்டு வாசலுக்கே வரும் அந்த வண்டியில் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். சண்டை நடந்த இடத்துக்கும் குடிபோதைக்காரர் வீட்டுக்கும் அந்த இருவர்தான் போக வேண்டும். அங்கே அவர்களுக்குப் பின்னால் பூட்டக்கூடிய கதவு ஒன்றும் இல்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி இன்னொன்றைக் காட்டியது. மருந்து வராதது தாதியின் குற்றமல்ல. ஆனால் "இதை வெளியில் வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆகவே கோபமும் அவர்மேல்தான் விழுந்தது. அதே காலத்தில் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இருந்தவர்கள் இல்லாதவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

வேலை நேரத்தைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய கதை ஒன்று உண்டு. 1984 மார்ச் மாதம் நியூயோர்க் நகரின் ஒரு வைத்தியசாலையில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் அனுமதிக்கப்பட்டாள். மறுநாள் காலைக்குள் இறந்துபோனாள். அவள் ஏற்கெனவே பாவித்த மருந்தோடு ஒத்துவராத மருந்து ஒன்று கொடுக்கப்பட்டதே காரணம் எனப் பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. அவளைப் பார்த்த பயிற்சி வைத்தியர் அந்த இரவில் பல பத்து நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை பத்திரிகையாளரும் சட்டத்தரணியும் ஆவார். அவர் வைத்தியர்களைக் குற்றஞ்சாட்டுவதோடு நிற்காமல், இத்தனை மணித்தியாலம் தூங்காத ஒருவரிடம் என் மகளை ஏன் ஒப்படைத்தீர்கள் என்று அந்த முறையையே கேள்வி கேட்டார். வழக்கும் வாதமும் வருடக்கணக்காக நடந்தன. 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி வைத்தியர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணித்தியாலம், தொடர்ச்சியாக 24 மணித்தியாலம் என்று மட்டுப்படுத்தியது. 2003இல் 80 மணித்தியால எல்லை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. எண்பதும் குறைவல்ல. எமது பாடசாலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 24 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் இடையிலான ஒத்திசைவு, இரத்தத்தில் 0.10 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்குச் சமமாக இருந்தது. இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டியவரின் கையிலிருந்து வாகனச் சாவியைப் பொலிஸார் பறித்துவிடுவார்கள். ஒரு நாள் முழுதும் விழித்திருந்த வைத்தியரின் கையில் நாம் நமது பிள்ளையைக் கொடுக்கிறோம். களைத்தவருக்குத் தவறு மட்டும் நேர்வதில்லை, முகமும் கடுகடுக்கிறது, பதிலும் ஒற்றைச் சொல்லாகிறது. அந்த ஒற்றைச் சொல்லில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. ஊழியரின் வேலை நிலைமையையும் அவர்மீதான வன்முறையையும் இரண்டு தனித்தனி விடயங்களாகப் பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

அயல்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களை மறக்க முடியாது. 2023 மே 10ஆம் திகதி அதிகாலை, கேரளத்தின் கொட்டாரக்கர தாலுகா வைத்தியசாலைக்குக் காலில் காயமடைந்த ஒருவரைப் பொலிஸார் மருந்து கட்ட அழைத்து வந்தார்கள். அவர் திடீரென மூர்க்கமாகி, அங்கிருந்த சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோலை எடுத்துக் குத்தத் தொடங்கினார். மற்றவர்கள் சிதறி ஓடிக் கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். பயிற்சியில் இருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவரால் தப்ப முடியவில்லை. பொலிஸார் அங்கே இருந்தும் அவர் கொல்லப்பட்டார். சில நாட்களில் கேரள அரசு தனது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, கடுங்காயம் விளைவிப்போருக்கு ஏழு வருடம் வரை சிறை என்று கடுமையாக்கியது. வைத்தியர், தாதியர் மட்டுமன்றி பயிலும் மாணவர், பாதுகாவலர், அம்புலன்ஸ் சாரதி, உதவியாளர் ஆகியோரும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர்.

2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பட்டப்பின் படிப்பு மாணவியான வைத்தியர் ஒருவர் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். 36 மணித்தியாலக் கடமையின் நடுவே ஓய்வெடுக்கத் தகுந்த அறை இல்லாததால் கருத்தரங்கு அறையில் படுத்திருந்தவர் அவர். அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிக் கொன்றவன் நோயாளியோ உறவினரோ அல்லன். இரவில் யார் எங்கே போகிறார் என்று யாரும் கேட்காத ஒரு கட்டடத்தில் நடமாடியவன். இந்திய உயர் நீதிமன்றம் அம்மாதமே தேசியச் செயலணி ஒன்றை நியமித்தது. 2025 மார்ச்சில் நமது அனுராதபுரத்தில் பெண் வைத்தியர் ஒருவர் தனது உத்தியோகபூர்வ விடுதியிலேயே கத்தி முனையில் வன்முறைக்கு உள்ளானார். நாடெங்கும் வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் உம்மா ராத்தாவுக்கு ஐந்து தடவை தொலைபேசி எடுத்தார். "அந்த அறைக்குப் பூட்டு இருக்கா? லயிட் எரியுதா?" என்ற இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டார். பெரிய குழுக்களின் அறிக்கைகளிலும் அதே இரண்டு கேள்விகள்தான் முன்னால் நிற்கின்றன என்பது பின்னர் வாசித்தபோது தெரிந்தது.

சட்டம் தேவை. எமது நாட்டிலும் வைத்தியசாலைக் கண்ணாடியை உடைத்தவர்மீது 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டம் பாயும். ஆனால் உறவினரின் மூச்சு நிற்கப்போகிறது என்று பதறும் ஒருவர் சட்டப் புத்தகத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே கோபம் கைக்கு வருமுன் அதைத் தணிப்பது எப்படி என்பதே கூடுதல் பயனுள்ள கேள்வி. அதற்கு இங்கிலாந்தில் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே வைத்தியசாலை ஊழியர்மீதான வன்முறையால் ஆண்டுக்கு 69 மில்லியன் பவுண் இழப்பு என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2011இல் சுகாதாரத் திணைக்களமும் வடிவமைப்புச் சபையும் சேர்ந்து இதற்கு வழி தேடின. கூடுதல் காவலாளிகளை வைப்பதற்குப் பதிலாக, பெயர்ப்பலகைகளும் தளபாடங்களும் வடிவமைப்பவர்களை அழைத்தார்கள். அவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவும் பகலும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோபப்படுபவர்களில் பலர் காத்திருப்பதால் அல்ல, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாததால் கோபப்படுவதைக் கண்டார்கள். ஆகவே ஒவ்வோர் அறையின் சுவரிலும் நீளமான பலகை வைத்தார்கள். நீங்கள் இப்போது இங்கே இருக்கிறீர்கள், இங்கே இன்னது நடக்கும், அடுத்ததாக இன்னது, ஏன் சிலர் உங்களுக்கு முன் அழைக்கப்படுகிறார்கள் என்று எளிமையாக எழுதியிருந்தது. அதே விளக்கம் ஒரு துண்டுப் பிரசுரமாகவும் கையில் கொடுக்கப்பட்டது. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதைத் திரை காட்டியது. ஊழியர்கள் தமக்குள் நடந்த சம்பவங்களைப் பேசி ஆராயவும் ஒழுங்கு செய்யப்பட்டது. லண்டனிலும் சௌத்ஹம்டனிலும் பரீட்சித்துப் பார்த்தபோது, நோயாளிகளில் 75 சதவீதமானோர் காத்திருக்கும் எரிச்சல் குறைந்தது என்றார்கள். மிரட்டும் விதமான நடத்தை பாதியாகக் குறைந்தது. செலவழித்த ஒவ்வொரு பவுணுக்கும் மூன்று பவுண் நன்மை திரும்பியது. மொத்தத்தில் அது ஒரு பலகையும் ஒரு துண்டுக் கடதாசியும்தான். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுவதற்கு நமக்கு எவ்வளவு செலவாகும்?

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து சரிவராது என்பதும் உண்மை. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகர வைத்தியசாலை ஒன்று வாசலில் உலோகச் சோதனைக் கருவியை வைத்தபோது, ஆறு மாதத்தில் 33 கைத்துப்பாக்கிகளும் 1,324 கத்திகளும் பிடிபட்டன. அங்கே பலகை போதாது.

ராத்தாவுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவை இன்னும் சிறியவை. கோபமாக நிற்பவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதே, அவருக்கும் வெளியேற வழி இருக்க வேண்டும், உனக்கும் இருக்க வேண்டும். இரண்டு கைநீளத் தூரம் விடு. கைகளை அவர் காணும்படி வை. அவர் குரல் ஏறும்போது உன் குரலை இறக்கு. "அமைதியாக இருங்கள்" என்று மட்டும் சொல்லாதே, அப்படிச் சொல்லி அமைதியானவர் யாருமில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் அருகில் போகாதே. கத்தரிக்கோல் தட்டை எட்டும் தூரத்தில் விடாதே. சிறு சம்பவமானாலும் எழுதிவை. இந்தக் கடைசியைத்தான் யாரும் செய்வதில்லை என்றார். இரவு முழுதும் ஓடிவிட்டு, "ஒருவர் ஏசினார்" என்று படிவம் நிரப்ப யாருக்கு நேரம்? எழுதாததால் மேலிடத்துக்குப் பிரச்சினை இருப்பதே தெரிவதில்லை. தெரியாததால் இரவு நேரத்துக்கு இன்னொரு தாதியோ காவலரோ கிடைப்பதில்லை.

நமது பகுதிகளுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஒன்று மொழி. தமிழ் பேசும் ஊருக்கு நியமனம் பெற்று வரும் சிங்கள வைத்தியர், தனக்குத் தெரிந்த இருபது தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு மரணத்தின் விளிம்பில் உள்ளவரின் பிள்ளைகளுக்கு விளக்க முயல்கிறார். "சீரியஸ்" என்கிறார். பிள்ளைகள் அதை "கவனமாகப் பார்க்கிறோம்" என்று விளங்கிக்கொள்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் மௌத்துச் செய்தி வரும்போது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கதவை உடைக்கிறார்கள். அந்த நேரத்தில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் கூட நின்றால் போதும். உயர்தரத்தோடு சிங்களத்தையும் ஒழுங்காகப் படித்த மாணவி ஒருத்தி அங்கே செய்யக்கூடியதை எந்தக் காவலரும் செய்ய முடியாது.

மற்றது ஜனாஸா. மையித்தைத் தாமதமின்றி அடக்க வேண்டும் என்ற அவசரம் நமக்கு உண்டு. ஆனால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்போதே உயிர் பிரிந்திருந்தாலோ, விபத்து, நஞ்சு, காரணம் தெரியாத மரணம் என்றாலோ, திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை முடியாமல் உடலைக் கொடுக்கக் கடமையிலுள்ள வைத்தியருக்கு அதிகாரம் இல்லை. பிரேத பரிசோதனை வேண்டுமா என்பதும் அவர் கையில் இல்லை. அவரிடம் ஐம்பது பேர் கூடி நின்று கேட்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே நேரத்தில் ஒருவர் போய் மரண விசாரணை அதிகாரியை அழைத்துவந்தால், இறந்தவரின் பழைய கிளினிக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் வேலை விரைவாகும். சில ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகம் இதற்கென்றே அனுபவமுள்ள ஒருவரை வைத்திருக்கிறது. அவ்வூர்களில் இப்பிரச்சினை அவ்வளவு எழுவதில்லை என்று ராத்தா சொன்னார்.

அந்த நோன்பு இரவில் நாங்கள் ஒன்பது பேர் போனோம் என்றேன். ஒன்பது பேரும் மாறி மாறி அதே தாதியிடம் அதே கேள்வியைக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பதில் சொன்னார். உம்மம்மா பாவிக்கும் மாத்திரைகளின் பெயர் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பெயர்கள் ஒரு கடதாசியில் எழுதப்பட்டு, உம்மம்மாவின் கிளினிக் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கின்றன. அடுத்த முறை இருவர் மட்டுமே போவது, பேசுவது ஒருவர் மட்டுமே என்றும் பேசி முடிவாயிற்று. பேசுபவர் மாமா அல்ல.

உம்மம்மாவுக்கு அன்று வந்தது சிறிய மாரடைப்பு. இரண்டாவது இரத்தத்தில்தான் தெரிந்தது. நான்கு நாட்களில் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா மேசையில் அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டொக்டர் திரைக்குப் பின்னால் வலிப்பு நிற்காத ஒரு குழந்தையோடு இருந்தார் என்பதைப் பக்கத்துக் கட்டில்காரர் பின்னர் சொன்னார்.

பெருநாளைக்குப் பிறகு உம்மம்மாவின் கிளினிக் நாளில் மாமாவும் கூட வந்தார். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நெடுநேரம் நின்றார். அந்தத் தாதி வெளியே வந்தபோது, "மிஸ், அன்டைக்கு ராவு சத்தம் போட்டது நான்தான்" என்றார். அவர் மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "எந்த நாள் ஐயா?" என்று கேட்டார்.